இருபத்திரண்டு நிமிஷக் கைதட்டல்

கொங்கு நாட்டுக்காரன் வானத்தை அண்ணாந்து பார்த்தால் அது மழைக்காகத்தான். தென்மேற்கு ஏமாற்றினால் வடகிழக்கு, அதுவும் கைவிரித்தால் ஆயிரம் அடிக்குப் போர். அதற்கு மேல் வானத்தோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இருந்தாலும் மழை தராத, கண்ணுக்குத் தெரியாத, தரைக்கே வந்து சேராத ஒரு வெளிச்சத்தைப் பார்க்க இந்தியா ஒன்றரை டன்னில் ஒரு பெட்டி செய்து, சுமார் 178 கோடி ரூபாய் செலவழித்து மேலே அனுப்பியபோது, அதைச் செய்துகொடுத்த மையத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் கோதவாடிக்காரர். ஆகவே இந்தக் கதையைச் சொல்லும் உரிமை எங்களுக்கு உண்டு. இல்லை என்பவர்கள் கிணத்துக்கடவு பக்கம் வந்து சொல்லிப் பார்க்கலாம்.

பெட்டியின் பெயர் ஆஸ்ட்ரோசாட். ஏவிய நாள் 2015 செப்டம்பர் 28, திங்கட்கிழமை, காலை 10 மணி. பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் இது. திங்கட்கிழமை ராகு காலம் ஒன்பது மணிக்கு முடிகிறது; எமகண்டம் பத்தரைக்குத் தொடங்குகிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் கிளம்பிய பிஎஸ்எல்வி-சி30, ஆஸ்ட்ரோசாட்டை 650 கிலோமீட்டர் உயரத்தில் இறக்கிவிட எடுத்துக்கொண்டது சுமார் 22 நிமிடம். எமன் செருப்பு மாட்டுவதற்குள் சோலி முடிந்தது. விஞ்ஞானிகள் இதைத் தற்செயல் என்பார்கள். எங்கள் ஜோசியர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

டிவியில் காட்டியது அந்த 22 நிமிடத்தைத்தான். நெருப்பு, புகை, கைதட்டல், கட்டிப்பிடித்தல், பிரதமர் வாழ்த்து. கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கூட்டிவந்த கார் டிரைவருக்கு மாலை போட்டு, ஆரத்தி எடுத்து, சீரும் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையைப் பந்தலுக்கு வெளியே நிற்கவைத்த மாதிரி. ராக்கெட் நல்ல டிரைவர், சந்தேகமில்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பட்ட பாட்டை யாராவது சொல்ல வேண்டாமா?

முதலில் வில்லன். காற்றுதான் அவன். நம் தலைக்கு மேலே இருக்கிற காற்று முழுவதையும் எடை போட்டால், பத்து மீட்டர் தண்ணீரைத் தலையில் சுமப்பதற்குச் சமம். கோயமுத்தூர் மோட்டார் மெக்கானிக்குக்கு இதை விளக்கவே வேண்டாம். கிணற்று மேட்டில் வைத்த மோட்டார் என்னதான் இழுத்தாலும் 33 அடிக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்சாது என்று அவருக்குத் தெரியும். அந்த 33 அடியும் இந்தப் பத்து மீட்டரும் ஒரே கணக்கு. கிணற்றுத் தண்ணீரை மேலே தள்ளிவிடுவது மோட்டார் அல்ல, இந்தக் காற்றின் எடைதான். அதே எடைதான் விண்வெளியிலிருந்து வரும் எக்ஸ் கதிரையும் காமா கதிரையும் பாதி வழியிலேயே விழுங்கிவிடுகிறது. இல்லாவிட்டால் இதைப் படிக்க நாம் இருக்க மாட்டோம். உயிரைக் காப்பாற்றியவனை வில்லன் என்கிறேன். வானியல்காரர்களின் நியாயம் அப்படி.

இந்த வில்லனைத் துணிந்து சீண்டியவர் விக்டர் ஹெஸ் என்கிற ஆஸ்திரியாக்காரர். பூமிக்குள்ளிருந்துதான் கதிர்வீச்சு வருகிறது, மேலே போகப்போகக் குறையும் என்று அன்றைக்குப் படித்தவர்கள் பலரும் நம்பினார்கள். ஹெஸ் 1912 ஆகஸ்ட் 7 அன்று ஹைட்ரஜன் பலூனில் ஏறி ஐந்து கிலோமீட்டருக்கு மேலே போனார். தீக்குச்சி கிழித்தால் கதை முடிந்துவிடும் வண்டி அது. மூச்சு முட்ட உட்கார்ந்து அளந்ததில், மேலே போகப்போகக் கதிர்வீச்சு கூடுகிறது. ஆளே மயங்கிப்போகும் உயரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவருக்கு நோபல் பரிசு கொடுக்க 24 வருஷம் யோசித்தார்கள்.

அடுத்து ரிக்கார்டோ ஜியாக்கோனி. 1962 ஜூனில், நிலாவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா பார்க்கிறேன் என்று ஒரு சின்ன ராக்கெட்டை விட்டார். கருவி வேலை செய்தது ஆறு நிமிடத்துக்குள். நிலாவில் ஒன்றும் கிடைக்கவில்லை. விருச்சிக ராசிப் பக்கம் என்னவோ தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. சூரியனைத் தாண்டி வானத்தில் கண்டுபிடித்த முதல் எக்ஸ் கதிர் மூலம் அதுதான். நிலாவைத் தேடி விருச்சிகத்தைப் பிடித்தவருக்கு 2002இல் நோபல்.

அமெரிக்க ராணுவத்தின் கூத்து இதைவிடப் பெரிது. 1963இல் வானத்தில் அணுகுண்டு வெடிக்க மாட்டோம் என்று ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டார்கள். போட்ட கையோடு, அவன் திருட்டுத்தனமாக வெடிக்கிறானா என்று பார்க்க ‘வேலா’ என்ற செயற்கைக்கோள்களையும் அனுப்பினார்கள். 1967 ஜூலை 2 அன்று காமா கதிர் பளிச்சென்று அடித்தது. ரஷ்யாக்காரன் மாட்டினான் என்று பார்த்தால், அது பூமிப் பக்கமிருந்தே வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை. எங்கோ கண்காணாத தூரத்தில் என்னவோ வெடித்திருக்கிறது. இதை வெளியே சொல்ல 1973 வரை ஆனது. ஒற்றன் கண்டதை ஒப்புக்கொள்வதற்குள் ஆறு வருஷம். ‘காமா கதிர் வெடிப்பு’ என்று இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் சங்கதி, ஒட்டுக்கேட்கப் போனபோது காதில் விழுந்தது.

இந்தப் பக்கம் நம் கதைக்கு வருவோம். கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம், பர்லியார், குன்னூர் என்று கொண்டை ஊசி எண்ணிக்கொண்டே ஏறினால் 2,200 மீட்டர் உயரத்தில் ஊட்டி. ஊரெல்லாம் தேனிலவுக்கு ஏறிய மலையில், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் 1950களில், ஹெஸ் அளந்த அந்தக் காஸ்மிக் கதிரைப் பிடிக்க ஏறினார்கள். பி.வி.ஸ்ரீகண்டன் போன்ற பெரிய தலைகள். 1970களில் பழைய தேடுவிளக்குக் கண்ணாடிகளை வானத்தைப் பார்த்து நிறுத்தி, காமா கதிர் காற்றில் மோதும்போது எழும் நீலப் பொறியைப் பிடிக்க முயன்றார்கள். இதற்கு நிலா இருக்கக் கூடாது, மேகம் இருக்கக் கூடாது. ஊட்டியில் மேகம் இல்லாத ராத்திரிக்குக் காத்திருப்பதே ஒரு தவம். வரம் கிடைத்தாலும் குளிரில் கை விறைத்துப் போயிருக்கும்.

அதே ஊட்டியில் இப்போது இருக்கிற ‘கிரேப்ஸ்-3’ ஆய்வகம் ஒரு வேலை செய்தது, அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. காஸ்மிக் கதிர் காற்றில் மோதி நொறுங்கும்போது ‘மியூயான்’ என்ற துகள்கள் கீழே கொட்டும். அவற்றை எண்ணிக்கொண்டே இருப்பதுதான் ஆய்வகத்தின் ராப்பகல் வேலை. 2014 டிசம்பர் 1 அன்று இடிமேகம் ஒன்று மேலே நின்றபோது எண்ணிக்கை குறைந்தது. எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தத்தைக் கணக்குப் போட்டார்கள்: 130 கோடி வோல்ட். காட்டு மோட்டாருக்கு த்ரீ-பேஸில் 400 வோல்ட் ஒழுங்காக வராமல் ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைத் தட்டுகிற கூட்டம் நாங்கள். தலைக்கு மேலேயே 130 கோடி வோல்ட் சும்மா மிதந்துகொண்டிருந்தது என்று கேள்விப்பட்டால் வயிறு எரியுமா, எரியாதா?

ஊட்டிக்கு ஒரு குறை. அங்கே கிடைப்பது சண்டை முடிந்தபின் சிதறிய கல்லும் கண்ணாடியும். யார் அடித்தார், எங்கிருந்து அடித்தார் என்பதை அதிலிருந்து ஊகிக்க வேண்டும். எக்ஸ் கதிரோ அந்தச் சிதறலைக்கூடக் கீழே அனுப்பாது. அதைப் பார்க்க மேலே போய்த்தான் ஆக வேண்டும்.

மேலே போனோம். 1975 ஏப்ரல் 19, ஆரியபட்டா. பெங்களூர் பீன்யாவில் தகரக் கூரைக் கொட்டகைகளில் யு.ஆர்.ராவ் ஆட்களோடு செய்தது. இடம் போதாமல் ஒரு கழிவறையைத் தகவல் பெறும் நிலையமாக மாற்றிய கதை இஸ்ரோவில் இன்றுவரை ஓடுகிறது. காரைக்குடி வீட்டை ஹோட்டல் ஆக்குகிறவர்களுக்கு இந்தத் துணிச்சல் வராது. ராக்கெட் ரஷ்யாவின் உபயம். இந்தியாவின் முதல் செயற்கைக்கோளே எக்ஸ் கதிர் வானியல் கருவியைச் சுமந்துகொண்டுதான் போனது என்பது பலருக்குத் தெரியாது. போன நாலைந்து நாளில் ஒரு மின்வழி புட்டுக்கொண்டது. எக்ஸ் கதிர்க் கருவி உள்பட ஆராய்ச்சிக் கருவிகள் எல்லாம் அணைந்தன. விண்வெளியில் பவர் கட். 2012இல் கோயமுத்தூரில் நாளெல்லாம் கரண்ட் இல்லாமல் லேத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்த எங்களுக்கு, ஆரியபட்டாவின் மேல் அன்றிலிருந்து ஒரு தனிப் பாசம். பார்த்தது கொஞ்சம்தான் என்றாலும் ஆரியபட்டா இரண்டு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் ஏறிக்கொண்டது. சந்தையில் கொத்தமல்லிக் கட்டு வாங்கிய கையிலெல்லாம் ஒரு எக்ஸ் கதிர்க் கருவியின் படம் புழங்கியது, யாருக்கும் தெரியாமல்.

அப்புறம் கடல் காண்டம். காமா கதிர் வெடிப்பைப் பிடிக்கும் கருவிகளை ‘ஸ்ராஸ்’ செயற்கைக்கோள்களில் வைத்து, ஏஎஸ்எல்வி ராக்கெட்டில் ஏற்றினார்கள். 1987 மார்ச் 24: வங்காள விரிகுடா. 1988 ஜூலை 13: மறுபடியும் வங்காள விரிகுடா. மூன்றாவது, 1992 மே மாதம், மேலே போய்ச் சேர்ந்தது. ஆனால் போக வேண்டிய உயரத்துக்குப் போகாததால் இரண்டு மாசத்தில் காற்று அதை இழுத்துக்கொண்டது. 1994 மே 4 அன்று நாலாவது ராக்கெட் ஒழுங்காகப் போய், கருவி காமா வெடிப்புகளை எண்ண ஆரம்பித்தது. பெண் பார்க்க நாலு முறை போய் நாலாம் முறை காபி கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பிரபஞ்சம் வாசலிலேயே தான் நின்றது, வண்டிதான் போய்ச் சேரவில்லை.

1996 மார்ச்சில் ஒரு சாமர்த்தியம் நடந்தது. பயிர்பச்சை பார்க்க அனுப்பும் ஐஆர்எஸ்-பி3 செயற்கைக்கோளில் மீதம் இருந்த இடத்தில் எக்ஸ் கதிர்க் கருவியைச் செருகிவிட்டார்கள். பூமியைப் பார்க்கப் போனது ஓய்வு நேரத்தில் வானத்தையும் பார்த்தது. ஜிஆர்எஸ் 1915+105 என்ற கருந்துளையின் துடிப்பைக்கூடப் பதிவு செய்தது. அந்தத் தெம்பில்தான் ‘நமக்கே நமக்கு ஒரு முழு வானாய்வகம்’ என்ற பேச்சு கிளம்பியது. பேச்சுக்கு அனுமதி கிடைத்தது 2004இல். அனுமதிக்குப் பின் ஏவுதலுக்கு 11 வருஷம்.

ஏன் இத்தனை வருஷம்? ஒரு கருவியை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி. எக்ஸ் கதிரைச் சாதாரணக் கண்ணாடியால் திருப்பிவிட முடியாது. நேராக அடித்தால் உள்ளே புகுந்து போய்விடும். மேற்பரப்பை உரசுகிற மாதிரி, ஒரு டிகிரிக்கும் குறைவான சாய்வில் வந்தால்தான் திரும்பும். ஆகவே கண்ணாடியைத் தட்டு மாதிரி வைக்காமல், மெல்லிய அலுமினியத் தகடுகளைக் கூம்பாக வளைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக 40 அடுக்கு செருகினார்கள். மொத்தம் 320 தகடுகள். ஒவ்வொன்றின் உள்பக்கமும் தங்கப் பூச்சு. ‘எத்தனை பவுனுங்க?’ என்று பெரிய கடைவீதிக்காரர்கள் எழுந்து வர வேண்டாம். பூச்சின் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, ஒரு தகட்டைச் சுரண்டினால் கால் மூக்குத்தி தேறுமோ என்னவோ. அந்தத் தங்கம் மேடுபள்ளம் இல்லாமல் வழவழவென்று இருக்க வேண்டும். 320 தகடும் அந்தந்த வளைவில் அந்தந்த இடத்தில் நிற்க வேண்டும். ராக்கெட் உலுக்குகிற உலுக்கலில் அசையக் கூடாது. இத்தனையும் மும்பையில் கையால் செய்த வேலை. இதன் குவியத்தில் வைத்த கேமரா இங்கிலாந்து லெஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. புற ஊதாத் தொலைநோக்கியின் உணர்கருவிகள் கனடாவிலிருந்து. ஒருவருக்காக ஒருவர் காத்திருந்ததில் காலண்டர் தாள்கள் கிழிந்தன. ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர்களுக்கு அதற்குள் மண்டையில் வெள்ளை முடி.

பத்திரிகைகள் இதற்கு ‘இந்தியாவின் ஹப்பிள்’ என்று பட்டம் கட்டின. ஹப்பிளின் ஆடி 2.4 மீட்டர், நம்முடைய புற ஊதாத் தொலைநோக்கியின் ஆடி 37.5 சென்டிமீட்டர். இரண்டையும் ஒரே வரியில் எழுத மனத்தெம்பு வேண்டும். உண்மையில் ஆஸ்ட்ரோசாட்டின் பெருமை அளவில் இல்லை. ஒரே நட்சத்திரத்தைப் புற ஊதாவிலும், மென் எக்ஸ் கதிரிலும், கடின எக்ஸ் கதிரிலும் ஒரே சமயத்தில் பார்க்கும். ஹப்பிளுக்கு அது வராது. இந்தச் சேதி தலைப்புக்குள் அடங்காது என்பதால் ஹப்பிளைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது எங்கள் உரிமைப் பிரச்சினை. மயில்சாமி அண்ணாதுரை, 1958இல் கோதவாடியில் பிறந்தவர். தமிழ்வழியில் படித்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல், பூளைமேடு பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில் மேல்படிப்பு. சந்திரயான்-1 மூலம் ஊர் ஊராகக் கொண்டாடப்பட்டவர். பெங்களூரில் ஆஸ்ட்ரோசாட்டை ஒன்றுசேர்த்த இஸ்ரோ செயற்கைக்கோள் மையத்துக்கு அவர் இயக்குநரானது 2015 ஏப்ரலில். செப்டம்பரில் ஏவுதல். ஆறு மாசம். கணக்குப் பார்த்தால் பதினோரு வருஷக் கர்ப்பத்துக்குக் கடைசி ஆறு மாசப் பெரியப்பா. இதைச் சொன்னால் எங்கள் பக்கம் கோபித்துக்கொள்வார்கள். ‘கடைசி ஆறு மாசந்தானுங்க பிரசவ வேலையே இருக்குது’ என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. உலுக்கிப் பார்ப்பது, வெற்றிடத்தில் வைத்துப் பார்ப்பது, பத்திரமாக ஸ்ரீஹரிகோட்டா அனுப்புவது என்று மையத்துக்குத் தூக்கம் கெடும் மாசங்கள் அவை. ஏவுதல் அன்று கூடவே ஆறு ஒறம்பரைகளும் ஏறிக்கொண்டன: இந்தோனேசியாவின் ஒன்று, கனடாவின் ஒன்று, அமெரிக்கக் கம்பெனியின் குட்டிகள் நான்கு. அமெரிக்கச் செயற்கைக்கோள் இந்திய ராக்கெட்டில் ஏறியது அதுதான் முதல் தடவை. டிவிக்காரர்கள் பாதி நேரம் அதையே பேசினார்கள். மாப்பிள்ளை மறுபடியும் வெளியே.

மேலே போன பிறகு பார்த்தால்தான் விஷயம். உடனே கண் திறந்துவிடாது. எங்கள் பக்கத்துப் பெரியவர் யாராவது கேட்டிருந்தால், ‘ஏனுங் தம்பி, அத்தன காசு போட்டு அனுப்பிச்சுப் போட்டு, இன்னும் கதவத் தொறக்காம வெச்சிருக்கறீங்க?’ என்றுதான் கேட்டிருப்பார். காரணம் உண்டு. செயற்கைக்கோளின் பிசின், பெயின்ட், ஒயர் உறை எல்லாவற்றிலிருந்தும் வெற்றிடத்தில் மெதுவாக ஆவி கிளம்பும். அது ஆடியில் படிந்தால் போச்சு. எனவே ஆவி அடங்கும் வரை மூடியைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு அக்டோபர் 26 அன்று திறப்பு. புற ஊதாத் தொலைநோக்கிக்கு நவம்பர் 30. கடின எக்ஸ் கதிரைப் பார்க்கும், ஆடி இல்லாத காட்மியம்-சிங்க்-டெல்லுரைடு கருவிக்கு இந்தக் கெடுபிடி இல்லை. அதை அக்டோபர் 6 அன்று முடுக்கினார்கள். முடுக்கிய அன்றைக்கே எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்த காமா கதிர் அதில் வந்து விழுந்தது. முதல் நாள், முதல் போணி. கடை திறந்த அன்றே இப்படி வியாபாரம் நடக்கும் என்று கடைக்காரர்களே எதிர்பார்க்கவில்லை. அதன்பின் நூற்றுக்கணக்கில் பிடித்துவிட்டது.

அதே கருவி 2017இல் நண்டு நெபுலாவைப் பற்றி ஒரு சேதி சொன்னது. அது ஒரு நட்சத்திரம் வெடித்த மிச்சம்; வெடிப்பு இங்கே தெரிந்தது 1054இல். சீனர்கள் பகலிலேயே பார்த்து நாளோடு எழுதிவைத்தார்கள். நம் பக்கம் சோழர்களும் சாளுக்கியர்களும் ஒருவர் யானையை ஒருவர் பிடுங்கிக்கொண்டிருந்த நேரம். மெய்க்கீர்த்தியில் யார் மண்டையை யார் உடைத்தார் என்பது விவரமாக இருக்கிறது, வானத்தில் உடைந்தது இல்லை. 963 வருஷம் கழித்து அந்த மிச்சசொச்சத்தின் நடுவே சுழலும் நட்சத்திரத்தை வைத்து, எக்ஸ் கதிரின் முனைவாக்கம் (அலை ஆடும் திசையின் ஒழுங்கு) துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலும் எப்படி மாறுகிறது என்று அளந்துகொடுத்தது இந்தியக் கருவி. யாரும் எதிர்பாராத மாற்றம். கோட்பாட்டுக்காரர்கள் இன்னும் தலையைச் சொறிகிறார்கள். பழைய பாக்கியைக் கொஞ்சம் அடைத்தாயிற்று.

கோளாறும் வந்தது. செனான் வாயு அடைத்த பெரிய எக்ஸ் கதிர் எண்ணிகள் மூன்று மேலே போயிருந்தன. ஒன்றில் கேஸ் லீக். 650 கிலோமீட்டர் உயரத்தில் வாசர் மாற்ற ஆள் போக முடியாது. மூன்றில் உருப்படியாக நின்றது ஒன்றுதான். புற ஊதாவின் ஒரு தடமும் 2018இல் படுத்துவிட்டது. ஆனாலும் ஐந்து வருஷத்துக்கென்று கட்டிய பெட்டி பத்து வருஷத்தைத் தாண்டிவிட்டது. 2024 ஜனவரி 1 காலையில், ஊர் முழுக்கப் புத்தாண்டுத் தூக்கத்தில் இருந்தபோது, முக்கியமாக எக்ஸ் கதிரின் முனைவாக்கத்தைப் பார்க்க எக்ஸ்போசாட் என்ற தம்பியும் போய்ச் சேர்ந்தது.

இரண்டுக்கும் ஒரே பாதை: நிலநடுக்கோட்டுக்கு 6 டிகிரி சாய்வு, அதற்கு மேல் கிடையாது. தென் அட்லாண்டிக்குக்கு மேலே மின்னூட்டத் துகள்கள் மொய்க்கும் ஒரு வட்டாரம் இருக்கிறது. அதன் நடுவில் போனால் கருவிக்குக் கண் கூசும். அதைத் தவிர்க்கத்தான் இந்தக் குறுகிய பாதை. கோயமுத்தூர் இருப்பது 11 டிகிரியில். ஆகவே ஆஸ்ட்ரோசாட் ஒன்றரை மணி நேரத்துக்கொரு தடவை பூமியைச் சுற்றுகிறது, பத்து வருஷமாகச் சுற்றுகிறது, ஒரு தடவைகூட கொங்கு நாட்டுக்கு மேலே வந்ததில்லை. கன்னியாகுமரிக்கும் தெற்கே கடலோடு கடலாகப் போய்விடும். தம்பியும் அப்படியே. நாங்கள் பார்க்க வேண்டுமென்றால் மொட்டைமாடியில் தெக்கால திரும்பி நின்றுகொள்ள வேண்டியதுதான்.